ஏழரைக் குதிரை

மூடியில் ஏழரை எச்பி என்று பார்த்ததும்
கடைப் பையன் சிரித்தான்:
"பிடிச்சா லேசுல விடாதுங்ணா."

டிவிஎஸ் வண்டியின் முன்பக்கம், சாக்கில் சுற்றி,
புண்ணாக்கு மூட்டை போலக் கொண்டுவந்து
சத்தியில் என் கடைமுன் இறக்கினாள் மயிலாத்தாள்.
அணையில் மீன் பிடிக்கிறாள். தகரப் படகு.
"ஏலத்துல எடுத்ததுங்க. கம்பெனியே மூடிட்டாங்களாம்.
நீங்க பம்ப்செட்டுக்குக் காயில் கட்டறவரு,
இதுலயும் காயில்தானுங்களே?"

இருந்தது.
கயிறு சுற்றும் சக்கரத்துக்கு அடியில்
சுட்ட கத்திரிக்காயாய்க் கருகி.
பிரித்தால் தலைமுடியை விட மெல்லிய கம்பி.
கிணற்று மோட்டாருக்கு நான் சுற்றுவதெல்லாம்
இதன் பக்கத்தில் தாம்புக்கயிறு.

ஒன்பதாயிரத்து நானூறு சுற்று.
ஆறாயிரத்துச் சொச்சத்தில் கரண்ட் போனது.
மறந்துவிடாமல் இருக்க
இருட்டில் அந்த எண்ணையே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்,
ஆறாயிரத்து இருநூற்றுப் பதினேழு,
ஆறாயிரத்து இருநூற்றுப் பதினேழு,
எதிர்க்கடை டெய்லர் எட்டிப் பார்த்து
"யாருக்குங்க கடன்?" என்று கேட்கும்வரை.

பாயிண்ட்டில் அரை மில்லி இடைவெளி வேண்டும்.
அளவுத் தகட்டை யாரோ வாங்கிப் போயிருந்தார்கள்.
அட்டாலியில் கட்டுக்கட்டாய்
என் கல்யாணப் பத்திரிகை.
முந்நூறு அடித்து, பன்னிரண்டு கொடுத்து,
நின்றது.
மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தேன்: அரை மில்லி.
நல்ல அட்டை, விலை பார்க்காமல் எடுத்தது.
ஓரத்தைச் சீவிச் செருகித் திருகை இறுக்கினேன்.
உருவும்போது லேசாகப் பிடிக்க வேண்டும்,
கிழியக் கூடாது.

கார்புரேட்டருக்குள் பழைய பெட்ரோல்
கருப்பட்டிப் பாகாய் உறைந்திருந்தது.
மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறட்டும்.
மிதவை வெறும் கார்க்கு;
காயிலுக்குப் பூசும் வார்னிஷையே அதற்கும் பூசி
வெயிலில் வைத்தேன்.

ஓட்டிப் பார்க்க ஒரு டிரம் தண்ணீர்.
எட்டு நாளுக்கொருதரம் பைப்பில் வரும் தெருவில்
ஒரு மோட்டாருக்கு இருநூறு லிட்டர்.
குடத்தோடு நின்ற சம்பூர்ணம்
என் ஏழு தலைமுறையையும் விசாரித்தாள்.
பதினோராவது இழுப்பில் இருமியது.
இருபதில் பிடித்தது.
தெருவெங்கும் நீலப் புகை,
டிரம்முக்குள் அணை திறந்த கொந்தளிப்பு,
பக்கத் துளையில் கைக்குழந்தை போல
வெந்நீர் பீய்ச்சியது.
சம்பூர்ணம் குடத்தை இறக்கிவைத்துவிட்டுப் பார்த்தாள்.

திருகைக் கால் சுற்று உள்ளே: தும்மல்.
அரைச் சுற்று வெளியே: குடிகாரன் உளறல்.
நடுவில் ஒரு மயிரிழை இருக்கிறது.
காதால்தான் பார்க்க வேண்டும்,
தாண்டிய பிறகுதான் தாண்டியது தெரியும்.
திரும்பி வந்தேன். நான்கு முறை.

அணையில் தண்ணீர் எங்கேயோ இறங்கிப் போயிருந்தது.
வெடித்த சேற்றில் மோட்டாரை ஆளுக்கொரு பக்கம் தூக்கி நடந்து
மாட்டி, கிளப்பி, அரைக் கிலோமீட்டர்
ராஜாவாட்டம் போனோம்.
முழுகிக் கிடந்த வேலமரக் கட்டையில்
விசிறி இடித்தது.
என்ஜின் ஓடுகிறது, படகு நிற்கிறது.

"பின்னு போயிருச்சு" என்றாள், ஒறம்பரை போனதைச் சொல்வதுபோல.
சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன்,
லேத்தில் நானே கடைந்த எஃகு, இனி உடையவே உடையாது.
அவள் தொடவில்லை.
"இது உடையலைன்னா
உள்ள பல்லுச்சக்கரம் போயிருமுங்க.
உடையத்தானே இதப் போடறது."
முந்தானை முடிச்சில் ஏழு பித்தளைத் துண்டு.
ஒன்றைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்தாள்.

கூலியில் பாதி பணம், பாதி கட்லா.

அந்த எஃகுப் பின் இப்போது மேசை டிராயரில் உருள்கிறது,
எதற்கும் ஆகாமல்.
அட்டாலியில் மீதி இருநூற்று எண்பத்தேழு இருக்கிறது.
அரை மில்லி வேண்டியவர்கள்
வந்து வாங்கிக்கொள்ளலாம்.